வகுப்பில் தேர்தல் வைத்தால் சாதிதானே ஜெயிக்கும்?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் அடித்துக்கொண்டார்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து ஒருவன் போட்ட ரீல்ஸில் ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஊர்ப் பையன்கள், இன்னொரு பக்கம் காலனிப் பையன்கள். எச்.எம். பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்கினார். பிரேயரில் இரண்டு தரப்பையும் மன்னிப்புக் கேட்க வைத்தார். அதன்பிறகு சண்டை இல்லை. ஆனால் வகுப்பில் தனித்தனியாக உட்காருகிறார்கள், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அமைதி, ஜனநாயகம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்தச் சொல்லி என்னிடம் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். பேச்சுப்போட்டி, உறுதிமொழி, லீடர் தேர்தல் என்று யோசித்திருக்கிறேன். தேர்தல் வைத்தால் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் சாதிப் பையன்தான் ஜெயிப்பான் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் என்ன சாதி என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். சிலபஸ் வேறு பாக்கி இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

"அதன்பிறகு சண்டை இல்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சண்டை நின்றபோதே பேச்சும் நின்றுவிட்டது. சத்தம் இல்லாததால் பள்ளிக்கூடம் இதை அமைதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு விவகாரம் இன்னும் முடியவில்லை. அதனால் பேச்சுப்போட்டிக்கும் உறுதிமொழிக்கும் முன்னால், அந்தச் சண்டைக்கே ஒருமுறை திரும்பிப் போய்விட்டு வாருங்கள்.

பள்ளி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்க வைத்த மன்னிப்பு அவமானமாகத்தான் மனதில் தங்கும். அதைவிட, "இரண்டு தரப்பையும்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. ரீல்ஸில் என்ன இருந்தது, யாரை இழிவுபடுத்தியது, முதலில் கை நீட்டியது யார், அடிபட்டது யார் என்று யாராவது பொறுமையாகக் கேட்டார்களா? கேட்காமல் "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்று முடித்திருந்தால், இழிவுபட்ட பிள்ளை இந்தப் பள்ளியில் நியாயம் கிடைக்காது என்று முடிவு செய்திருப்பான். மற்றவன், இவ்வளவுதானா என்று நினைத்திருப்பான்.

சம்பந்தப்பட்டவர்களை ஒவ்வொருவராக, தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். என்ன நடந்தது, அப்போது உனக்குள் என்ன ஓடியது, யாருக்கெல்லாம் இதனால் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். பதில் வருவதற்கு நேரமாகும், காத்திருங்கள். அறிவுரை எதுவும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் தயார் என்று தெரிந்த பிறகே எதிரெதிரே உட்கார வையுங்கள். கைகுலுக்கச் சொல்லவேண்டாம். வீடியோவை எடுப்பது, கிழிந்த சட்டைக்கு ஈடு கொடுப்பது, பஸ்ஸில் யாரும் யாரையும் சீண்டக்கூடாது என்பது போன்ற கைக்கு எட்டும் காரியங்களில் உடன்பாடு வந்தால் போதும். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், அதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்ட குடும்பத்தின் முடிவு. அமைதி என்ற பெயரில் பள்ளி அவர்களைச் சமாதானத்துக்கு நெருக்கக் கூடாது.

இனி ஜனநாயகத்துக்கு வருவோம். உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வது உண்மை. சும்மா ஒரு தேர்தல் வைத்தால் சாதிக் கணக்குதான் ஜெயிக்கும். அதற்காகத் தேர்தலே வேண்டாம், டீச்சரே லீடரை நியமித்துவிடலாம் என்று போகாதீர்கள். பிள்ளைகள் ஊரில் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கும் பாடம் அதுதான்: மேலே இருப்பவர் முடிவு செய்வார், கீழே இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்தலை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். முதலில் வகுப்புச் சபையைத் தொடங்குங்கள்.

வாரத்தில் ஒரு பீரியட், கிழமை மாறக்கூடாது. பெஞ்சுகளை நகர்த்தி வட்டமாக உட்காருங்கள். யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தலைமை தாங்குவது வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வாரம் ஒருவர். அப்படிச் செய்தால் வாயே திறக்காத பிள்ளைக்கும் ஒருநாள் முறை வரும். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. இன்னொருவர் நோட்டில் குறிப்பு எழுதவேண்டும்: என்ன பேசினோம், என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள். அடுத்த வாரம் அந்த நோட்டை வாசித்துவிட்டுத்தான் புதுப் பேச்சு. உங்களுக்கு அங்கே ஒரு வாக்குக்கூட இல்லை. யாராவது யாரையாவது இழிவாகப் பேசினால் நிறுத்தும் அதிகாரம் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

சபைக்குக் கொடுக்கும் விஷயம் நிஜமானதாக இருக்கவேண்டும். "நல்ல குடிமகன் என்பவன் யார்" என்று கேட்டால் பிள்ளைகள் நீங்கள் விரும்பும் பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வகுப்பை யார் பெருக்குவது, எப்போதும் அதே பிள்ளைகள்தானா? கழிவறைக்குத் தண்ணீர் தூக்கி ஊற்றுவது யார்? பி.டி. பீரியடில் மைதானம் முழுவதையும் பையன்கள் எடுத்துக்கொண்டால் பெண்கள் எங்கே விளையாடுவது? குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது? இவற்றில் சாதியும் இருக்கிறது, ஆண் பெண் என்பதும் இருக்கிறது. யாரும் அந்தச் சொற்களை உச்சரிக்காமலே அந்த விஷயங்களைப் பேசித் தீர்க்க முடியும். பெருக்கும் முறைப்பட்டியலைப் பிள்ளைகளே போட்டு, அதில் ஊர்ப் பையன் பெயரும் காலனிப் பையன் பெயரும் ஒரே நாளில் வந்து, இரண்டு பேரும் ஒரே வாளியைத் தூக்கிப் போவது உங்கள் உறுதிமொழியைவிட அதிகம் சாதிக்கும்.

முன்கூட்டியே எச்.எம்.மிடம் ஒன்றைப் பேசி வையுங்கள். சபையில் எடுக்கும் முடிவில் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தது எதுவாக இருந்தாலும், ஒரு வாரத்துக்குள் அவர் பதில் சொல்லவேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொன்னால் போதும். பதிலே வராத மனுவைப் போட்டுப் பழகும் பிள்ளை, மனுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று பதினான்கு வயதிலேயே கற்றுக்கொள்வான். பிறகு அவனுக்குப் பஸ் ஸ்டாப்தான் மிஞ்சும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அது மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. 1992-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. சபை நடத்துவது நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பெரும்பான்மைக் கேள்வி. எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. நம் பள்ளிகளில் ஜனநாயகம் என்றால் கை தூக்கி எண்ணுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். எண்ணுவது கடைசி வேலை. முதல் வேலை கேட்பது. எதையும் வாக்கெடுப்புக்கு விடும் முன், தோற்கப்போகிறவர்கள் யார் என்று பார்த்து அவர்களைப் பேசச் சொல்லவேண்டும். அவர்கள் சொன்னதில் எதையாவது சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு சுற்றுப் பேசவேண்டும். பெரும்பாலும் வாக்கெடுப்புக்கே வேலை இருக்காது. அதற்கும் மேலே ஒரு கோடு உண்டு. ஒருவருடைய மரியாதை சம்பந்தப்பட்டது எதையும் வாக்குக்கு விடக்கூடாது. வகுப்பு முழுவதும் கை தூக்கினாலும் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க முடியாது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவும், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்கிற 13-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. நாடாளுமன்றத்துக்கே இருக்கும் எல்லை ஒன்பதாம் வகுப்புக்கும் இருக்கட்டும்.

ஆறு மாதம் இப்படிப் போன பிறகு லீடர் தேர்தலை வையுங்கள். ரகசிய வாக்கு. ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு லீடர்கள், மூன்று மாதப் பதவி. ஒருமுறை இருந்தவர் அந்த ஆண்டில் மறுபடி நிற்கக்கூடாது. போட்டியிடுகிறவர் சபை நோட்டிலிருந்து தான் செய்து முடித்த ஒரு வேலையைக் காட்டவேண்டும். சாதி அப்போதும் எட்டிப்பார்க்கும். ஆனால் வேலை செய்தவர் யார், வாய் பேசியவர் யார் என்று பிள்ளைகளுக்கு அதற்குள் தெரிந்திருக்கும். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டைப் பாடத்தில் பெருமையாக நடத்துகிறோம். அந்த ஓலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் எழுதக்கூடாது என்பதற்கு நிலம், வயது, கல்வி என்று நிபந்தனைகள் இருந்ததையும் சேர்த்து நடத்துங்கள். "அப்போ எங்க தாத்தா பேரு அதுல வருமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டால் அன்றைய வகுப்பு நன்றாக நடந்தது என்று பொருள்.

அடுத்தது கருத்து வேறுபாட்டைப் பேசக் கற்றுக்கொடுப்பது. நேராகச் சாதியில் ஆரம்பிக்காதீர்கள். 2012 நவம்பரில் உங்கள் மாவட்டத்து நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் சாதி வெறியில் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டபோது, இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள், அல்லது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கதை ஒவ்வொரு விதமாகச் சொல்லப்படுகிறது. பழக்கம் இல்லாத பிள்ளைகளிடம் அதை எடுத்தால், வீட்டில் கேட்டதை வகுப்பில் ஒப்பிப்பார்கள், காயம் புதிதாகும்.

முதலில் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிற ஒரு சண்டையை எடுங்கள். நம் பக்கத்துக்குக் காவிரியைவிடப் பொருத்தமானது இல்லை. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் இத்தனை கனஅடி என்று செய்தியில் தினமும் கேட்கிறார்களே, அந்த இடம் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில்தான் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பல் காவி படிந்த பெரியவர்கள் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருப்பார்கள். 2008-இல் அந்தத் திட்டத்தை எதிர்த்து கர்நாடகத்தில் போராட்டம் நடந்தது. காவிரி பற்றி வகுப்பில் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டுதான் பயிற்சி ஆரம்பம்.

வகுப்பைச் சீட்டுக் குலுக்கி நான்காகப் பிரியுங்கள். ஒரு குழு மாண்டியா கரும்பு விவசாயி, ஒரு குழு தஞ்சாவூர் நெல் விவசாயி, ஒரு குழு பெங்களூரில் குடிதண்ணீருக்குக் காத்திருக்கும் குடும்பம், ஒரு குழு பென்னாகரம் பக்கத்துக் கிராமம். விதி ஒன்றுதான். உன் வாதத்தைச் சொல்லும் முன், எதிர்க்குழுவின் வாதத்தை அவர்களே "ஆமாம், நாங்க சொல்ல வந்தது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக்காட்டவேண்டும். இது கஷ்டம். பெரியவர்களுக்கே வராது. முதல் தடவை கிண்டலாகச் சொல்வார்கள், எதிர்க்குழு ஒப்புக்கொள்ளாது, திரும்பச் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது, மூன்றாவது முயற்சியில்தான் கற்றல் இருக்கிறது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. என்றிருந்தது 177.25 ஆனது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் முதலிய தேவைகளுக்கு. இடையில் 1991-இலும் 2016-இலும் கர்நாடகத்தில் கலவரம் நடந்தது. கலவரத்தால் ஒரு சொட்டுத் தண்ணீராவது கூடியதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தீர்ப்பு நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்து என்ன வழிகள் இருக்கின்றன என்றும் கேளுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் வேலை செய்யும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை எந்தக் குழுவிலும் அடையாளம் பார்த்துப் போடாதீர்கள், சீட்டே முடிவு செய்யட்டும்.

எதிராளியின் வாதத்தைச் சொல்லிக்காட்டும் பழக்கம் வந்த பிறகு பக்கத்து விஷயங்களுக்கு வரலாம். மனித உரிமைகள் பாடம் ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கிறது. அங்கே வாச்சாத்தியைச் சொல்லுங்கள் டீச்சர். அரூர் பக்கத்துக் கிராமம், உங்கள் பிள்ளைகளில் சிலர் அந்த வழியாகப் போயிருப்பார்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் புகுந்து பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அதிகாரம் முழுவதும் எதிர்ப்பக்கம் இருந்தது. அந்த மக்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், பல ஆண்டுகள் சாட்சி சொன்னார்கள். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதியே அந்தக் கிராமத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். விவரங்களை வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். இவ்வளவு காலம் ஏன் ஆனது என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். தாமதத்தை நியாயப்படுத்தவேண்டாம். எதிர்த்துக் கேட்பது அமைதிக்கு விரோதம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஆயுதம் எடுக்காமல் அரசையே கூண்டில் ஏற்றிய தன் மாவட்டத்து மக்களைத் தெரிந்திருக்கவேண்டும்.

உங்கள் சாதி பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். மறைக்க வேண்டியதில்லை, மழுப்பவும் வேண்டாம். "நீங்க என்ன ஆளுங்க டீச்சர்?" என்று நேரில் கேட்டால், "அது என் சர்டிபிகேட்டில் இருக்கிறது. இங்கே நான் யாருக்காவது பாரபட்சம் காட்டினால் எழுதிப் போடு" என்று சொல்லுங்கள். எழுதிப் போடப் பள்ளியில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. அதைப் பூட்டிச் சாவியை மறந்துவிடாமல், சொன்ன நாளில் திறக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு உங்களையே ஒரு வாரம் கவனியுங்கள். டீ வாங்க யாரை அனுப்புகிறீர்கள், யாரைப் பெயர் சொல்லியும் யாரை "டேய்" என்றும் கூப்பிடுகிறீர்கள், யார் நோட்டை முதலில் திருத்துகிறீர்கள். பிள்ளைகள் இதையெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் அதைச் செய்யக்கூடாது என்கிறது. கைக்கயிறு வேண்டாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. ஆனால் கயிற்றை நீங்கள் கத்தரியால் வெட்டினால் அது வீரச்சின்னமாகிவிடும். சபையில் பேச வைத்து, வகுப்பின் விதியாக வரட்டும். பிரம்பு எங்காவது மூலையில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அடித்துக்கொண்டே அடிக்காதே என்று சொல்ல முடியாது.

சிலபஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் அரசாங்க அமைப்புகளும் மக்களாட்சியும், தேர்தல், மனித உரிமைகள் எல்லாம் இருக்கின்றன. சபையும் காவிரியும் வாச்சாத்தியும் அந்தப் பாடங்களேதான், பாடத்திட்டக் குறிப்பில் அப்படியே எழுதுங்கள். பெற்றோரிடம் தனியாக விளக்கவேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளையே வரச்சொல்லி, சபை நோட்டை வாசிக்கச் சொல்லுங்கள். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் ஒன்றுக்கு, பெரியவர்களோடு சேர்ந்து பார்வையாளர்களாகக் கூட்டிப்போக முடிந்தால் போங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பத்தாவது முடிக்கும் முன்பே கல்யாணம் பேசப்படும் பெண் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்ற வாக்கியத்தை ஒரு பெண் வகுப்பில் பத்துப் பேர் முன்னால் சொல்லிப் பழகியிருந்தால், வீட்டில் சொல்லவும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யவும் தைரியம் வரும். சபையில் பெண்கள் எத்தனை முறை பேசினார்கள் என்று குறிப்பில் ஒரு பத்தி வைக்கச் சொல்லுங்கள்.

எச்.எம். கேட்ட பேச்சுப்போட்டியையும் நடத்திவிடுங்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள்: "நான் ஒத்துக்கொள்ளாத ஒருவரின் கருத்தை, அவர் இடத்தில் நின்று பேசுகிறேன்." பரிசை நடுவர்கள் முடிவு செய்யவேண்டாம். அந்தக் கருத்தை உண்மையிலேயே நம்புகிற பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

வரும் திங்கட்கிழமை பெருக்கும் முறைப்பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் சில கூட்டங்கள் சொதப்பலாம், பாதிப் பேர் வாயைத் திறக்காமல் இருக்கலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு, சபை நோட்டின் சில பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். எங்கே சிக்குகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.